எந்தப் பக்கம் முன் பிரேக்

மலேசியாவில், கோலசிலாங்கூர் பக்கத்துத் தென்னந்தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள் நான். அங்கே நிலம் தட்டையாகக் கிடக்கும். கால்வாய் ஓரத்து மண் ரோட்டில் ஏறி மிதித்தால் செகிஞ்சான் நெல்வயல் வரைக்கும் ஒரே சீராகப் போய்வரலாம். மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிளும் கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடும். பிரேக் என்று ஒன்று இருப்பதைப் பற்றி நான் யோசித்ததே கிடையாது.

எண்பதுகளின் கடைசியில் கல்யாணமாகி பத்தாங் காலி மலைப்பக்கத்தில் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்துக்கு வந்தேன். தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயம் மேட்டின் மேல் இருந்தது. ஆபீஸ், டிரெசர் மருந்து கொடுக்கும் தோட்டத்து ஆஸ்பத்திரி, தார் ரோடு எல்லாம் கீழே. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு செம்மண் ரோடு. ஒரு பக்கம் செம்பனை வரிசை, மறுபக்கம் பள்ளம். பழக்குலை ஏற்றிப்போகும் லோரிகள் மழை நாளில் போட்ட தடம் வெயிலில் இறுகி, முழங்கால் ஆழத்துக்குக் குழியாகிக் கிடக்கும். வந்த முதல் வாரத்தில் அந்த ரோட்டில் ஓர் ஆள் மிதிக்காமலே சைக்கிளில் பறந்து போனதைப் பார்த்துவிட்டு, அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பறந்து போனது வேறு யாருமில்லை, என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. கீழே செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலை அவளுக்கு. தினமும் அந்த ரோட்டில்தான் போக்குவரத்து. அவளிடம் இருந்தது கனமான பழைய சைக்கிள். ஹேண்டிலில் பிரேக் கிடையாது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால்தான் நிற்கும். முடியை முடிந்துகொண்டு, கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டு, ரோடு தன்னுடையது என்பதுபோல இறங்குவாள். நான் வாசலில் நின்று அவள் மரங்களுக்குள் மறைகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

என் வீட்டுக்காரர் ரவாங்கில் ஃபேக்டரி வேலை பார்த்தார். அங்கே இருந்த வெளிநாட்டு என்ஜினியர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது தன் சைக்கிளை இவரிடம் விட்டுவிட்டுப் போனார். மலையில் ஓட்டுவதற்கென்றே செய்த சைக்கிளாம். அப்படி ஒன்றை எங்கள் தோட்டத்தில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. டயர் தடியாக, முள் முள்ளாக இருக்கும். ஹேண்டில் நேராக இருக்கும். கியர் மாற்ற இரண்டு சின்னக் கம்பிகள். இவர் அதை வீட்டுக்குள்ளேயே சாய்த்து வைத்துக்கொண்டார். மழையில் நனையவிடமாட்டார்.

அன்றிலிருந்து அண்ணனுக்கும் தங்கைக்கும் ஓயாத வாக்குவாதம். சோறு போடும்போதும் அதே பேச்சு.

"ஓட்டறவங்க கையிலதான் இருக்கு அண்ணே. சைக்கிள் என்னா, அது இரும்பு."

"இந்த சைக்கிள ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டுப் பேசு. இது பள்ளத்துல எறங்குனாலும் தூக்காது."

"ஒன்னய இந்த சைக்கிள்ல ஏத்தி, என்னய என் பழசுல ஏத்தி விட்டா யாரு மொதல்ல கீழ போவாங்க?"

அந்தக் கேள்வியைத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தீர்த்துக்கொள்வது என்று முடிவு பண்ணினார்கள். லயத்திலிருந்து பாதி இறக்கத்தில் ஒரு பெரிய பலாமரம் உண்டு. அதுவரைக்கும்தான். அதற்குக் கீழே ரோடு மோசம் என்று இருவருக்குமே தெரியும். முந்தின ராத்திரி மழை பெய்திருந்தது. "இன்னிக்கு வேண்டாங்க" என்றேன். இவர் சிரித்தார். "ஈரத்துலதான்மா சைக்கிளோட வேல தெரியும்." என் மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். தடுக்க வேறு ஆள் இல்லை. நான் முன்னாலேயே நடந்துபோய்ப் பலாமரத்தடியில் நின்றுகொண்டேன். பார்க்கவும் பயம், பார்க்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்க அதைவிடப் பயம்.

இவர் முதலில் வந்தார். கல்லில் ஏறி, குழியில் விழுந்து, சைக்கிள் துள்ளியது. ஆனாலும் மரத்தடியில் வந்து அழகாக நின்றது. முகமெல்லாம் சேறு, பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. "பாத்தியா?" என்றார். மேலே பார்த்துக் கையை ஆட்டினார்.

அவள் வருகிற சத்தம் கேட்டது. பிறகு உருவம் தெரிந்தது. வேகமாகத்தான் வந்தாள். ஆனால் எப்போதும் வருகிற மாதிரி இல்லை. அவள் கால்கள் இரண்டும் பெடலில் சுற்றிக்கொண்டே இருந்தன. பின்பக்கம் மிதிக்கிறாள், பிடிப்பு இல்லை, மறுபடி மிதிக்கிறாள். செயின் அறுந்து பின்னால் சேற்றில் இழுபட்டு வந்தது. அந்த மாதிரி சைக்கிளில் செயின் போனால் பிரேக்கும் போய்விடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தேன். அதைப் பார்த்ததும் எல்லாம் தெரிந்துவிட்டது.

"அண்ணே, பிரேக்கு இல்ல!"

எங்களைத் தாண்டிப் போய்விட்டாள். வலது பக்கம் பள்ளம். நேரே கீழே வளைவு. அவள் உடம்பை இடது பக்கம் சாய்த்து, லோரித் தடத்தைத் தாண்டி, செம்பனை வரிசைக்கு நடுவில் வெட்டிக் குவித்திருந்த மட்டைகளின் மேல் சைக்கிளோடு போய் விழுந்தாள். காய்ந்த மட்டைகள் நொறுங்குகிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

ஓடினோம். உயிரோடு இருந்தாள், கண் திறந்திருந்தது. ஆனால் வெட்டிய மட்டையின் கூரான அடி ஒன்று தொடையில் ஏறிக் கிழித்திருந்தது. இவ்வளவு ரத்தம் ஒரு உடம்பிலிருந்து வருவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இவர் சட்டையைக் கழற்றிச் சுருட்டி வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினார். கையைக் கொஞ்சம் தளர்த்தினால் சட்டை மறுபடி நனைந்தது. நான் அழுத்திப் பார்த்தேன். என் கைப் பலத்துக்கு ரத்தம் நிற்கவில்லை.

"நான் கைய எடுத்தா நிக்காது" என்றார். "நீ கீழ போ. டிரெசரக் கூட்டிட்டு வா."

"ஓடவா?"

"ஓடுனா நேரமாவும். சைக்கிள எடு."

"எனக்கு எறக்கத்துல ஓட்டத் தெரியாதுங்க."

அவர் குனிந்து இன்னும் பலமாக அழுத்தினார். என்னைப் பார்க்கவில்லை. அவள்தான் மட்டை மேல் படுத்தபடி, உதடு வெளுத்துப்போய், "போங்க அண்ணி" என்றாள்.

கைலியை வாரித் தூக்கி இடுப்பில் செருகினேன். சீட்டு அவர் உயரத்துக்கு வைத்தது. ஏறி உட்கார்ந்தால் என் கால் நுனிவிரல்தான் தரையில் பட்டது. கிளம்பும்போது பின்னாலிருந்து கத்தினார்: "முன் பிரேக்கத் தனியா புடிக்காத, தூக்கிப் போட்டுரும்!"

தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊர் சைக்கிள்களில் வலது கை முன் பிரேக், இடது கை பின் பிரேக். நான்கைந்து மரம் தாண்டியிருப்பேன். சைக்கிள் வேகம் பிடித்தது. இடது கையை நெரித்தேன். முன்சக்கரம் அப்படியே நின்றது. என் உடம்பு முன்னால் போக, பின்சக்கரம் என் முதுகுக்குப் பின்னால் எழும்புவதை உணர்ந்தேன். எப்படிக் காலை ஊன்றினேன் என்று தெரியாது. ஹேண்டிலைக் கட்டிப்பிடித்தபடி ரோட்டு நடுவில் நின்றேன். பள்ளத்தின் விளிம்பு இரண்டடி தூரத்தில் இருந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. சைக்கிள் வந்த புதிதில் இவர் முணுமுணுத்திருந்தார்: "வெளிநாட்டுக்காரன் சைக்கிள் இல்லையா, பிரேக்கு எல்லாம் பக்கம் மாறியிருக்கு." நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே உம் கொட்டியிருந்தேன்.

இறங்கினேன். அங்கே அவள் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது, நான் இங்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பிரேக்கைச் சோதிக்கிறேன். இடது கையை அழுத்தினேன், முன்சக்கரம் நின்றது. வலது கையை அழுத்தினேன், பின்சக்கரம் நின்றது. நம்பிக்கை வராமல் மறுபடியும் பார்த்தேன். 'வலது, வலது' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏறினேன்.

வழி முழுக்க அந்த ஒரு வார்த்தையைத்தான் சொன்னேன். சைக்கிள் கல்லில் ஏறியபோது பல் கடித்து நாக்கில் ரத்தம் வந்தது. வலது. லோரித் தடத்தில் சக்கரம் இறங்கி வெளியே வர மறுத்தது. வலது. தடித்த டயர் சேற்றை உதறிக்கொண்டு தானாகவே மேலே வந்தது. எனக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை, நான் பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வளைவு வந்தபோது என்னால் முடியவில்லை. இறங்கித் தள்ளினேன். தள்ளும்போது அழுகை வந்தது. அவள் இந்நேரம் செத்திருப்பாளோ, நான் நடந்த இந்த நடையால்தான் செத்தாள் என்று ஆகுமோ என்று நினைத்தேன். ஏறினால் நான் பள்ளத்தில் கிடப்பேன், அவளுக்காக யாரும் போய்ச் சொல்லமாட்டார்கள் என்றும் நினைத்தேன். இரண்டு பயமும் இரண்டு பக்கமிருந்து பிடித்து நெருக்கின.

அடுத்தது ஓடையின் மேல் பலகைப் பாலம். மழையில் வழவழவென்று இருந்தது. அதையும் தள்ளிக்கொண்டே தாண்டினேன். அதற்கப்புறம் ரோடு தட்டை. அங்கேதான் எனக்கு மூச்சு வந்தது. தட்டை நிலம் எனக்குத் தெரியும். குனிந்து மிதித்த மிதியில் ஆபீஸ் வாசலில் நின்ற கணக்கெழுதும் கிராணி விலகி ஓடினார்.

டிரெசர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் போய் மூச்சு வாங்க நின்றேன். என் கைலியில் ரத்தத்தைப் பார்த்து எனக்குத்தான் அடி என்று நினைத்துவிட்டார்.

"எங்கம்மா பட்டுச்சு? உக்காரு, உக்காரு."

"நான் இல்ல. மேல. நாத்தனா. பலாமரத்துக்கிட்ட."

தோட்டத்து லேண்ட்ரோவரில் ஏறினோம். விரல்கள் பிரேக்கைப் பிடித்த மாதிரியே மடங்கியிருந்தன, கதவைத் திறக்கக்கூட முடியவில்லை. டிரைவர்தான் திறந்துவிட்டார். மேலே ஏறுகிற வழி இறங்கிய வழியைவிடக் கொடுமையாக இருந்தது. இறங்கும்போது கை வேலையாக இருந்தது. இப்போது சும்மா உட்கார்ந்து, போய் என்ன பார்க்கப்போகிறேன் என்று நினைக்க வேண்டியிருந்தது.

இவர் அதே இடத்தில், அதே மாதிரி, முட்டிபோட்டு அழுத்திக்கொண்டிருந்தார். வாகனச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை. அப்புறம் அவள் குரல் மெதுவாகக் கேட்டது: "போதும் அண்ணே, கால் மரத்துப்போச்சு லா."

டவுன் பெரிய ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள், ரத்தம் ஏற்றினார்கள். முழங்காலும் கெட்டிருந்தது. மறுநாள் நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோது, இவர் கட்டில் பக்கத்தில் இருந்தார். அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது. வந்ததும் பழைய பேச்சுதான்.

"நான் மட்டக் குவியலப் பாத்துத் திருப்புனேன். இல்லன்னா பள்ளத்துலதான் கெடந்திருப்பேன். அது என் தெறம."

"பிரேக்கு இருந்திருந்தா திருப்பவே வேண்டியதில்ல." சொல்லிவிட்டு இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க அண்ணி. ஓட்டத் தெரியாம அந்த ரோட்டுல எறங்குனது நீங்கதான். சைக்கிளா, ஆளா?"

நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். எனக்குத் திறமை இல்லை என்பது நிச்சயம். சைக்கிள் நல்ல சைக்கிள் என்பதும் நிச்சயம். ஆனால் அந்த நல்ல சைக்கிளே முதலில் என்னைத் தூக்கிப்போடப் பார்த்தது. இதையெல்லாம் சொல்லத் தெரியவில்லை.

"எனக்குப் பயமா இருந்துச்சு. அவ்வளவுதான் தெரியும்" என்றேன்.

அவள் சிரிக்கப்போய், தையல் இழுத்து, "ஐயோ" என்றாள்.

முழங்கால் கடைசிவரைக்கும் முழுசாக மடங்கவில்லை. ஆனாலும் சில மாதங்களில் ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பினாள். தன் சைக்கிளை எடுத்துக்கோ என்று இவர் கெஞ்சினார். அவள் கேட்கவில்லை. பழைய சைக்கிளுக்கு இவர் புதுச் செயின் போட்டு, முந்தின நாள் முழுக்க அதைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்திருந்தார்.

"பழகுனது அண்ணி, அது என்னா பண்ணும்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

மெதுவாகத்தான் இறங்கினாள். பலாமரத்தடியில் நின்று, திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினாள். நான் வாசல் தூணை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். திருப்பி ஆட்டுவதற்கு ஒரு கையை விட வேண்டும். என்னால் விட முடியவில்லை.