சீப்புக்கு விழுந்த ஓட்டு

“குழம்பா, வறுவலா? கையத் தூக்குங்க.”

மடவை மீனின் செதிலைச் சீவிக்கொண்டே திரௌபதி கேட்டார். வறுவலுக்கு மகள் திவ்யா கை தூக்கினாள். குழம்புக்குத் திரௌபதியின் செதில் ஒட்டிய கை. விருந்தாளிக்கும் ஓட்டு உண்டாம். நான் வறுவல் பக்கம் சாய்ந்தேன். வாசலில் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்த கணவர் தசரதன் கை தூக்கவில்லை. எப்போதுமே தூக்கமாட்டாராம். தோற்றுப்போன திரௌபதி முகம் கோணாமல் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தார்.

லைட்ஹவுஸ் குப்பத்தில் கருவாடு போடுகிறவர் இவர். வெயில் ஏறுமுன் நெத்திலியை மணலில் பரப்பி, காக்கைகளைத் திட்டிக்கொண்டே காயவைப்பார். அந்தத் திட்டெல்லாம் அச்சில் ஏறாது.

பத்திரிகைக்காக நான் அவரைத் தேடி வந்த காரணம் வேறு. இங்கே வார்டு மெம்பர் யாரென்று ஊர்க்கூட்டமே பேசி முடித்துவிடும். ஒருவர்தான் மனு கொடுப்பார். போட்டி இல்லை, அதனால் ஓட்டும் இல்லை. போன தேர்தலில் ஆதிநாராயணனை நிறுத்தினார்கள். எதிர்த்து ஒரு மனு விழுந்தது: திரௌபதி, சீப்புச் சின்னம்.

வாபஸ் வாங்கச் சொல்லி ஊரே கேட்டது. மசியவில்லை. குப்பத்தை ஒட்டிய ஏரியில் எந்த வீட்டார் எந்த நாளில் வலை போடுவது என்று ஒரு முறை உண்டு, பாடு என்பார்கள். பெண்கள் பேருக்குப் பாடு கிடையாது. ஊர்க்கூட்டம் தசரதனின் பாட்டை நிறுத்திவைத்தது. அந்த மாதம் முழுக்க அவர் அடுத்தவர் படகில் கூலிக்குப் போனார். வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை.

“ஆதிநாராயணன் அவ்வளவு மோசமா?” என்றேன்.

“சேச்சே, தங்கமான மன்சன். நானே அவுருக்குத்தான் ஓட்டு போட்டேன்.”

“அப்புறம் எதுக்கும்மா நின்னீங்க?”

“பாடுலதான் என் பேரு இல்ல. ஓட்டுல இருக்குதே. அவுரு வரட்டும் சார், வேணான்னா சொன்னேன்? நான் போட்டு வரணும்.”

எண்ணியபோது சீப்புக்கு விழுந்தது ஒரே ஓட்டு. தனக்குத்தானே போட்டுக்கொண்டாள், புருஷன்கூடப் போடவில்லை என்று ஊர் இன்றுவரை சிரிக்கிறது.

“அப்போ அந்த ஒண்ணு யாரு போட்டது?”

“அத்த கேக்கக் கூடாது சார். அதுக்குத்தான அட்டை வச்சு மறைக்கிறாங்க.”

அடுத்த தேர்தல் பேச்சு வந்துவிட்டது. ஊர்க்கூட்டம் இந்த முறையும் ஒருவரை முடிவு செய்துவிட்டதாம். திரௌபதி நின்றால் பாடும் மறுபடி போகும். இதைச் சொல்லிவிட்டு மீனைத் திருப்பிப் போட்டவர், கரண்டியும் கையுமாக நிமிர்ந்தார்.

“இந்த வாட்டியும் நிக்கட்டுமா? கையத் தூக்குங்க.”

“நைனாவ கேளு,” என்றாள் திவ்யா.

இதில் எனக்கு ஓட்டு இல்லை என்று தெரியும். கையை மடியில் வைத்துக்கொண்டேன். தசரதன் தலை நிமிரவில்லை. ஊசி பிடித்த கை மட்டும் மேலே போயிற்று. கோத்த நூல் இழுத்ததில் வலையும் கூடவே கொஞ்சம் எழும்பியது.