எண்ணூர் ரயிலும் மூன்று தம்ளர் டீயும்

எனக்குச் சரியாக எழுத வராது, மன்னிக்க வேண்டும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. மறதியும் உண்டு. ஆனாலும் ராயபுரத்திலிருந்து எண்ணூர் போய் வந்ததை எழுதிப் பார்க்கிறேன்.

எண்ணூரில் என் தங்கை ஸ்டெல்லா, இடுப்பு ஒடிந்து இரண்டு மாதமாகப் படுக்கையில் கிடக்கிறாள். அவளைப் பார்க்க இரண்டு முறை கிளம்பினேன். இரண்டு முறையும் ரயிலில் நெஞ்சு படபடத்துக் கை நடுங்கியது. அவளுக்கு ஏதோ ஆகப்போகிறது, அதைத்தான் நெஞ்சு சொல்கிறது என்று பயந்து பாதியில் இறங்கித் திரும்பிவிட்டேன்.

காலை எட்டேகால் மணி. ராயபுரம் ஸ்டேஷனில் டிக்கெட் ஐந்து ரூபாய். மின்சார ரயிலில் கக்கூஸ் கிடையாது. வழியில் வயிற்றைக் கலக்கினால் என்ன செய்வது என்று ரயில் ஏறும் நாளில் நான் சாப்பிடுவதில்லை. தெம்புக்கு மூன்று தம்ளர் டீ மட்டும்.

வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை போயின. மணலிப் பக்கத்துப் புகை மெல்லப் படுத்துப் படுத்து எழுந்தது. வண்டி ஓடுகிறதா, ஊர் நகர்கிறதா, தெரியவில்லை. அந்த மயக்கத்திலேயே நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. தண்டையார்பேட்டையில் இறங்கிவிட எழுந்துவிட்டேன்.

காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு வெறும் கூடையோடு வந்த பெண் ஒருத்தி என் பக்கத்தில் இருந்தாள். எங்கே போகிறேன் என்று முன்னமே கேட்டிருந்தாள்.

"எண்ணூருன்னு சொன்னியேக்கா, எங்க எறங்குற?"

"ஒடம்பு ஒரு மாரி கீதும்மா. திரும்பிடறேன்."

"காலைல இன்னா துன்னே?"

"மூணு டீ."

"அய்ய! வெறும் வயித்துலயா? கை நடுங்காம பின்ன தாளமா போடும்? ஒக்காரு."

வண்டி கிளம்பிவிட்டது. தூக்குச்சட்டியைத் திறந்து, மூடியில் கேழ்வரகுக் கூழ் ஊற்றி, ஒரு கருவாட்டுத் துண்டும் வைத்து நீட்டினாள். என் கக்கூஸ் பயத்தை அவள் காதோடு சொன்னேன். வெட்கமாக இருந்தது.

"இதுக்கா பட்னி கெடக்குற? எண்ணூர் ஸ்டேஷனாண்டயே என் வூடு. அவசரம்னா நேரா உள்ள பூந்துரு. குடி மொதல்ல."

குடித்தேன். திருவொற்றியூரில் வண்டி வெகுநேரம் நின்றது. தூரத்துக் கோபுரம் வெயிலில் மிதப்பது போல இருந்தது. கத்திவாக்கம் வரும்போது கையைப் பார்த்தேன், நடுக்கம் அடங்கியிருந்தது.

எண்ணூரில் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போகவே தேவைப்படவில்லை. ஸ்டெல்லா என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா? என் சாவுக்குத்தான் வருவேன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்று திட்டிக்கொண்டே என் கையை விடவில்லை. கெட்டது எதுவும் அங்கே இல்லை. இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். ராயபுரத்தில் நான் தனியாக, நின்றபடியே எதையோ விழுங்குகிறவள்.

அடுத்த ஞாயிறும் போகிறேன், இட்லி சாப்பிட்டுவிட்டு. ஸ்டேஷன் பெயர்கள் வரிசையாக வந்தனவா தெரியவில்லை. படபடப்பு கூழுக்கு அடங்கியதா, அந்தப் பெண்ணின் பேச்சுக்கு அடங்கியதா, அதுவும் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.