வெளியே நின்றால் முதுகுதான் தெரியும்

பாலவனத்தம் தாண்டி பஸ் வேகமெடுத்திருந்தபோது முத்துச்செல்வி கைபேசியில் அழைத்தாள். அருப்புக்கோட்டையில் எங்கள் கல்லூரிக் கபடி அணியின் தலைவி. காலை வேளையில் அவள் என்னை அழைக்க ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். "மேடம்" என்றாள். பயணச்சீட்டை மடித்து மடித்து, அது கிழிந்த பிறகுதான் "எப்போம்மா?" என்று கேட்டேன்.

"விடியக்காலை மேடம். தூக்கத்துலயே போயிட்டாகளாம்."

அன்று போனவர் எங்கள் உடற்கல்வி இயக்குநர் கஸ்தூரி. கல்லூரி மலரைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோர் அவரைக் குரலால் அறிந்தவர்கள். மைதானத்தில் அவர் ஒரு பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பக்கத்து ஊர் பாளையம்பட்டியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று ஆசிரியர் அறையில் கேலி செய்வோம். நான் ஆங்கிலத் துறையைச் சேர்ந்தவள். அதிகம் பேசாதவள். பல ஆண்டுகள் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தும் எங்களுக்குள் வணக்கத்துக்கு மேல் பழக்கம் இல்லை. எங்களை நெருங்கவைத்தது, இருவருமே நேரில் பார்த்திராத ஒரு விளையாட்டு.

உலக விளையாட்டுகளைப் பற்றிய ஒரு தமிழ்த் தொகுப்புக்கு அமெரிக்கக் கால்பந்து குறித்துக் கட்டுரை எழுதும் வேலை என்னிடம் வந்தது. வேறு யாரும் ஏற்காததால் வந்தது என்பது பின்னால் தெரிந்தது. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்துக்கு ஏன் கால்பந்து என்று பெயர் என்பதிலேயே நின்றுவிட்டேன். இங்கிலாந்துப் பள்ளிகளின் பழைய ஆட்டங்கள், அவற்றிலிருந்து ரக்பி, ரக்பியிலிருந்து இது. குடும்பப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது என்பது ஒரு விளக்கம். குதிரைமேல் ஏறாமல் காலால் நடந்து ஆடியதால் வந்த பெயர் என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு உறுதியான சான்று எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. கஸ்தூரியிடம் கேட்டேன். அவர் சற்று யோசித்து, "குதிரையில ஏறாம ஆடுறதெல்லாம் கால்பந்துன்னா கபடியும் கால்பந்துதான மேடம்" என்றார். அன்றிலிருந்து தினமும் மதியச் சாப்பாட்டை இருவரும் சேர்ந்தே சாப்பிட்டோம்.

படித்துப் புரிந்துகொள்வதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆளை நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒரு மாலை, கபடிப் பெண்களை வரிசையாக நிறுத்தினார். முன்வரிசையில் ஏழு பேர். நடுவில் இருப்பவள் குனிந்து, தன் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் தள்ள வேண்டும். பந்து என்று பெயர். கழிவு நூலைச் சேலைத் துணியில் சுற்றிக் கட்டிய உருண்டை. அவளுக்கு இருபுறமும் காவல். அவர்களை அடுத்து எதிராளியை மடக்குகிறவர்கள். வரிசை முடிகிற இடத்தில் நிற்பவருக்குக் 'கடைசி' என்றே பெயர். பின்னால் நிற்பவர்களை அவர் தன் அடிகளால் தூரம் அளந்து நிறுத்தினார். முன்வரிசையிலிருந்து கால் பங்கு தூரத்தில் ஒருத்தி, அரைப் பங்கில் இருவர், முழுத் தூரத்தில் ஒருத்தி. குவார்ட்டர்பேக், ஹாஃப்பேக், ஃபுல்பேக் என்று நான் பக்கம் பக்கமாகக் குழம்பியிருந்த பெயர்கள் கரிசல் மண்ணில் ஆளாளுக்கு நின்றன. பின்னால் நிற்பவர்கள் கவட்டைபோலப் பிரியும் அணிவகுப்பு ஒன்று உண்டு. கோழியின் நெஞ்சில் உள்ள பிளந்த எலும்பைக் கொண்டு அமெரிக்கர்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். கவட்டை அணி என்றே எழுதச் சொன்னார் கஸ்தூரி. எழுதினேன்.

ஆப்பு வடிவ அணிவகுப்பையும் நடத்திப் பார்த்தார். ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கூர்முனையாகச் சேர்ந்து எதிரணிமேல் மோதுவது. முற்காலத்தில் இதில் பலர் படுகாயம் அடைந்ததால் தடை செய்தார்கள் என்று சொல்லியிருந்தேன். பெண்கள் ஒருமுறைதான் ஓடினார்கள். ஒருத்தி கீழே விழ, மேலே நான்கு பேர் விழுந்தார்கள். எழுந்தவளின் முழங்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "தடை பண்ணுனவன் நல்லவன்" என்று சொல்லி விசிலை ஊதிக் கலைத்தார்.

ஆனால் அவர் மனம் தங்கியது அணிவகுப்பில் அல்ல. ஆட்டத்துக்கு நடுவில் வீரர்கள் வட்டமாகக் கூடித் தலை குனிந்து பேசுவார்கள் அல்லவா, அந்த வழக்கத்தில். காது கேளாதோர் கல்லூரி ஒன்றின் அணி, தங்கள் சைகைப் பேச்சை எதிரணி பார்த்துவிடாமல் இருக்க அப்படிக் கூடியதில் தொடங்கியது என்று ஒரு கதை உண்டு. வேறு கல்லூரிகளும் அதற்கு உரிமை கொண்டாடுகின்றன, கதைக்கு ஆதாரம் போதாது என்றேன்.

அப்போது தன் கதை ஒன்றைச் சொன்னார். அவர் வீட்டில் தெலுங்கு. அணியிலும் பாதிப் பேர் தறிக்காரர் வீட்டுப் பெண்கள், அவர்களுக்கும் அதுவே. அதனால் போட்டிகளில் திட்டத்தையெல்லாம் கோட்டுக்கு வெளியே நின்று தெலுங்கில் கத்திச் சொல்வது அவர் வழக்கம். மற்ற பெண்களும் ஆட்டத்துக்கு வேண்டிய தெலுங்கைக் கற்றுவைத்திருந்தார்கள். எதிரணிக்குப் புரியாது என்ற தெம்பு. ஒருமுறை எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் கிராமங்களிலிருந்து வந்த அணியிடம் படுதோல்வி. ஆட்டம் முடிந்ததும் அந்த அணியின் தலைவி நேரே வந்து, நல்ல தெலுங்கில், "எல்லாம் விளங்குச்சு அக்கா, ரொம்ப நன்றி" என்றாளாம். அந்த ஊர்களிலும் வீட்டுப் பேச்சு தெலுங்குதான் என்பது அருப்புக்கோட்டைக்காரர் ஒருவருக்கும் அன்று நினைவு வரவில்லை. அதற்குப் பிறகு பெண்களைக் கூட்டி வட்டமாக நிறுத்தித்தான் பேசுவார்.

"ஆதாரம் நீங்க தேடுங்க மேடம். எனக்குத் தேவையில்ல. நான் தோத்திருக்கேன்."

நான் கட்டுரையில் 'என்று சொல்லப்படுகிறது' என்றே எழுதினேன். படித்துவிட்டுச் சிரித்தார்.

கட்டுரையை அனுப்பிய சில மாதங்களில் அவர் தொண்டை கட்டிக்கொண்டது. கத்திக் கத்திக் கட்டியதென்றே எல்லோரும் நினைத்தோம், அவரும் நினைத்தார். மதுரையில் புற்றுநோய் என்று கண்டு, அறுவை சிகிச்சை செய்து குரல்வளையை எடுத்தார்கள். கழுத்தில் ஒரு துளையோடு திரும்பி வந்தார். அந்தக் குரல் இனி இல்லை என்பதை மைதானத்தைக் கடக்கும்போதெல்லாம் புதிதாக உணர்ந்தேன்.

மண்டலப் போட்டி நெருங்கியது. பேச முடியாதவர் அணியை எப்படி நடத்துவார் என்று கல்லூரியில் தயங்கினார்கள். நூலகத்தில் உட்காரும் இலகுவான வேலை தருகிறோம் என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். கஸ்தூரி ஒரு தாளில் 'மைதானத்தில் நின்றே போகிறேன்' என்று எழுதி என்னிடம் நீட்டினார். எங்கே போகிறேன் என்று எழுதவில்லை. அதை நான் முதல்வரிடம் சொல்லவில்லை. ஒரு மாலை பயிற்சியைப் பார்க்க வாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

அன்று அவர் பெண்களை வட்டமாக நிறுத்தினார். தலைகள் குனிந்தன. உள்ளே அவர் கைகள் மட்டும் பேசின. என்ன சைகை என்று வெளியே யாருக்கும் தெரியவில்லை. வட்டம் கலைந்ததும் பெண்கள் ஆடிய ஆட்டத்தில் தெரிந்தது. முதல்வர் சற்று நேரம் நின்று பார்த்தார். "போயிட்டு வாங்க" என்றார்.

அந்த நாட்களில் ஒவ்வொருவருக்கும் அவர் ஒரு சைகைப் பெயர் வைத்திருந்தார். முத்துச்செல்விக்குக் கணுக்காலைத் தட்டுவது. எதிராளியின் கணுக்காலைப் பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. எனக்கு, உள்ளங்கையை மேலே விரித்துப் புருவத்தை உயர்த்துவது. ஆதாரம் எங்கே என்பதுதான் என் பெயர். குரல் இருந்த காலத்திலேயே என்னை அந்த வட்டத்துக்குள் பலமுறை கூப்பிட்டிருக்கிறார். "உள்ள வாங்க மேடம். வெளிய நின்னா முதுகுதான் தெரியும்" என்பார். எனக்கு அங்கே என்ன வேலை என்று வேப்பமரத்தடியிலேயே நின்றுவிடுவேன்.

மண்டலப் போட்டியில் இரண்டாவது சுற்றில் தோற்றார்கள். ஆட்டம் முடியும்வரை அவர் நின்றார். அதற்குப் பிறகு மைதானத்துக்கு வர முடியவில்லை.

முத்துச்செல்வி அழைத்த அன்று நான் போய்ச் சேர்ந்தபோது அவர் தெருவில் தறிகள் நின்றிருந்தன. தறிச் சத்தம் இல்லாத அந்தத் தெருவை அன்றுதான் அறிந்தேன். உடலை எடுத்தார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவது அங்கே வழக்கம். ஆண்கள் நடந்து போய்க்கொண்டே இருந்தார்கள். அணியின் பெண்கள் யாரும் சொல்லாமலே தெருமுனையில் கூடினார்கள். தோளோடு தோள் சேர்ந்து, வட்டமாகத் தலை குனிந்தார்கள். முதுகுகள்தான் தெரிந்தன. பிறகு முத்துச்செல்வி திரும்பி என்னைப் பார்த்தாள். உள்ளங்கையை விரித்துப் புருவத்தை உயர்த்தினாள். பக்கத்தில் நின்றவள் ஒதுங்கி இடம் விட்டாள்.

போனேன். தலை குனிந்தேன்.

கஸ்தூரியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது ஒரு பெயரும், அந்த இடமும். வட்டத்துக்குள் கைகள் என்ன பேசின என்பதை இங்கே எழுதப்போவதில்லை. வெளியே தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி நிற்கிறார்கள். அதற்கு மட்டும் நான் ஆதாரம் கேட்கமாட்டேன்.