ரேவதிக்கு நான் மாற்றிச் சொன்னது

என் தோழிக்கு நான் வேண்டுமென்றே தப்பான ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். அதுவும் இன்டர்வியூவுக்கு முந்தின நாள்!

ஏன் என்று கேட்கிறீர்களா? அந்த வேலைக்கு நானும் விண்ணப்பித்திருந்தேன்... வேறென்ன!

எங்கள் தீவின் துறைமுகமான ஹேடோவில் ஒரு சரக்குக் கப்பல் ஏஜென்ட் அலுவலகம். ஒரே ஓர் இடம். ரேவதி என்னைவிட இரண்டு வயது சின்னவள். எங்கள் ஊர் பாம்பூஃப்ளாட்டிலிருந்து தினமும் ஒரே ஃபெர்ரியில் அக்கரைக்குப் போவோம், அவள் துணிக்கடைக்கு, நான் ஜெராக்ஸ் கடைக்கு. ஆங்கில இலக்கியம் படித்தவள் என்று எனக்குத் தலைக்கனம் வேறு.

தமிழில் வேலைக்கும் ‘க்கு’தான், கம்பெனிக்கும் ‘க்கு’தான். ஆங்கிலத்தில் விண்ணப்பிக்கும்போது வேலைக்கு ‘ஃபார்’, கம்பெனிக்கு ‘டு’. எது எதற்கு என்று ஃபெர்ரியில் அவள் கேட்டாள். இரண்டையும் மாற்றிச் சொன்னேன். கூசாமல் சொன்னேன்! பாவம், இறங்கும்வரை அதையே முணுமுணுத்து மனப்பாடம் செய்தாள்.

மறுநாள் முதலில் நான். மேனேஜர் ஹிந்தியில் கேட்டதற்கும் ஆங்கிலத்திலேயே பொழிந்து தள்ளினேன். அடுத்து அவள் போனாள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, நீங்க சொன்ன மாதிரியே ஆரம்பிச்சேன். மேனேஜர் சாப் சிரிச்சிட்டு ஹிந்தியில கேட்டாரு, நானும் ஹிந்தியிலயே பேசிட்டேன். லேபர்கிட்ட பேச இப்பிடி ஆள்தான் வேணும்னு எடுத்துக்கிட்டாரு.”

இந்தத் தீவில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தோன்றவில்லையே! வங்காளியோ, தெலுங்கரோ, மலையாளியோ, இங்கே யாரிடம் பேசினாலும் இரண்டாவது வாக்கியம் ஹிந்திதானே...

நான் சிரித்தேன். நம்புங்கள், உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது! அவள் தோற்றிருந்தால் எந்த முகத்தோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்? தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன்.

எங்கே தப்பினேன்? அங்கே இன்னோர் இடம் காலியானதும் என் பெயரைச் சொல்லி என்னைச் சேர்த்துவிட்டவள் அவள்தான். இப்போது பக்கத்து மேஜை எனக்கு. மதியம் அவள் மீன்குழம்பில் பாதி என்னுடையது. ஒருநாளும் சிரிப்புக்குக் குறைவில்லை, இப்படி ஒரு நல்ல காலம் எனக்கு வாய்த்ததே இல்லை! சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்திருக்கிறேன்... அவள் சிரித்துக்கொண்டிருப்பாள், விட்டுவிடுவேன்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் என்னைக் காட்டினாள்.

“இந்த அக்காதான் எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தாங்க. அவங்களுக்கும் அதே வேலை வேண்டியிருந்துச்சு, இருந்தும் சொல்லிக் குடுத்தாங்க.”

அந்தப் பெண் எழுந்து நின்று என்னைக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.