கறிவேப்பிலைக்குத் திறந்த யன்னல்

குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி இருந்ததா என்று ஹனோவரில் அந்த வைத்தியர் கேட்டபோது, யோசிக்காமலே இல்லை என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் என் மகள் கையுறையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரமாகப் பல்கலைக்கழகத்துக்குப் போகாமல், தொலைபேசியை எடுக்காமல், பகலெல்லாம் தூங்கியிருக்கிறாள். குளிர்காலத்தோடு வந்து அதோடு போகிற மனச்சோர்வு என்றார் வைத்தியர். மருந்தும் உண்டு, பேச்சுச் சிகிச்சையும் உண்டு, காலையில் அரை மணி நேரம் எதிரில் உட்கார்ந்திருக்க ஒரு விளக்கும் உண்டு என்றார். பீலெஃபெல்டுக்குத் திரும்பும் ரயிலில்தான் நான் சொன்னது பொய் என்று எனக்கே தெரிந்தது. பொய் என்றும் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்திருந்த விஷயத்துக்கு யாரும் பெயர் வைத்திருக்கவில்லை.

எனக்குப் பத்து வயதாக இருந்த காலம் அது. பீலெஃபெல்டில் இரண்டாம் மாடியில் சின்ன வீடு. கார்த்திகை பிறந்தால் அம்மா படுத்துவிடுவார். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. தூங்குவார், எழும்பி, நின்றபடியே நாலைந்து துண்டு பாணில் ஜாம் தடவிச் சாப்பிடுவார், மறுபடி தூங்குவார். தலை வாரமாட்டார். சித்திரை வருசத்துக்கு முன் ஒருநாள் தானாக எழும்பி வீடு முழுக்கக் கழுவுவார். "உன்ரை மனுசி கரடியடாப்பா. குளிருக்குப் படுத்து வெயிலுக்கு எழும்புது" என்று அப்பாவின் சிநேகிதர் ஒருவர் சொல்லிச் சிரித்தார். நான் பள்ளி நூலகத்தில் கரடியைப் பற்றி இரண்டு புத்தகம் எடுத்துப் பார்த்தேன். கரடி இடையில் எழும்பி ஜாம் சாப்பிடுவதாக அதில் இல்லை. மற்றதெல்லாம் பொருந்தியது.

அப்பாவுக்கு அதில் சந்தேகமே கிடையாது. இது குளிர். யாழ்ப்பாணத்து உடம்புக்குள் ஜெர்மன் குளிர் ஏறிவிட்டது, அதை இறக்க வேண்டும். ஹீட்டரைக் கடைசி எண்வரை திருகினார். மல்லித்தண்ணி அவித்தார். யன்னல் இடுக்குகளில் பழைய சீலைத் துண்டுகளை அடைத்தார். இவ்வளவும் போதாதென்று, யன்னல்களுக்கு வெளியே இருக்கிற ரோலாடன் தடுப்புகளை, உள்ளே தொங்கும் பட்டியைப் பிடித்து அடிவரை இறக்கிவிட்டார். ஜெர்மன்காரர் அதை இரவில் இறக்கிக் காலையில் ஏற்றுவார்கள். எங்கள் வீட்டில் கார்த்திகையில் இறங்கியது பங்குனியில்தான் ஏறும். சூடு வெளியே போகக்கூடாது. பகல் பன்னிரண்டு மணிக்கும் குழல்விளக்கு எரியும். அந்த வெக்கைக்கு நடுவில் அம்மா மூன்று போர்வைக்குள் கிடப்பார். அப்பா நாலாவதைக் கொண்டுவருவார்.

வீட்டில் இன்னொரு நோயாளியும் இருந்தது. யாரோ லண்டனிலிருந்து பையில் ஒளித்துக் கொண்டுவந்த கறிவேப்பிலைக் கன்று. அதன் சாடியையும் அப்பா கம்பளித் துணியால் சுற்றி, குசினியில், அடுப்புக்கு எதிரே இருந்த ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அது இலை இலையாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு வாரம் வகுப்பில், நனைத்த பஞ்சில் கீரை விதை போட்டோம். ஒரு கிண்ணம் யன்னலோரம், இன்னொன்று அலுமாரிக்குள். ஐந்தாம் நாள் அலுமாரியைத் திறந்தால், உள்ளே இருந்தவை வெளிறி, மஞ்சளாய் நீண்டு, நிற்க ஏலாமல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. எனக்கு உடனே விளங்கிவிட்டது. வீட்டுக்கு ஓடினேன். எங்கள் வீட்டில் யாருக்கு என்ன வருத்தம் என்று கண்டுபிடித்துவிட்டேன்: கறிவேப்பிலைக்கு வெளிச்சம் போதவில்லை.

நான் பள்ளியால் வரும்போது அப்பா மத்தியான வேலைக்குப் போயிருப்பார். குசினி ரோலாடனை மட்டும் ஏற்றினேன். கரகரவென்று ஏறியது. வெளியே கூரைகளெல்லாம் பனி மூடிக் கிடந்ததால், வெளிச்சம் ஒரேயடியாக உள்ளே விழுந்தது. கன்றை யன்னல் விளிம்பில் வைத்தேன். தமிழ்ப் பள்ளிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்: இலை பதினொன்று. இருட்டுமுன் இறக்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் சத்தம் கேட்டு அம்மா எழும்பி வந்தார். கண் கூச, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"செடிக்கு வெளிச்சம் காட்டுறன். அப்பாட்டைச் சொல்லாதேங்கோ."

"ஓம்" என்றார். ஒரு கதிரையை இழுத்து யன்னலடியில் போட்டு உட்கார்ந்தார். மறுநாளும் வந்தார். அடுத்த வாரம் நான் வீட்டுக்கு வரும்போது ரோலாடன் ஏற்கனவே ஏறியிருந்தது. அம்மா தலை வாரியிருந்தார். ஜாம் போத்தல் மூடியபடி இருந்தது.

ஒரு சனிக்கிழமை அப்பா கண்டுபிடித்தார். "ஆர் இதைத் திறந்தது? குளிர் முழுக்க உள்ளுக்கு வருது" என்று பட்டியைப் பிடித்தார்.

"விடுங்கோ. திறந்திருக்கட்டும்" என்றார் அம்மா. "செடிக்கு வேணுமாம்."

குளிர்காலத்தில் அம்மா எதையும் வேண்டுமென்று சொல்லி நான் கேட்டதில்லை. அப்பாவும் கேட்டிருக்கமாட்டார். பட்டியை விட்டுவிட்டு, ஒரு போர்வையைக் கொண்டுவந்து அம்மாவின் தோளில் போட்டார்.

அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போது தினமும் காலையில் மகளை வீடியோவில் அழைத்து, விளக்குக்கு முன்னால் இருக்கிறாளா என்று பார்க்கிறேன். "அம்மா, என்னைச் செடி மாதிரிப் பாக்காதேங்கோ" என்றாள் நேற்று. தொலைபேசியை வைத்துவிட்டுக் கொப்பியைத் தேடி எடுத்தேன்.

பக்கம் முழுக்க இலை எண்ணிக்கைதான். பதினொன்று, பதினொன்று, பத்து, பன்னிரண்டு. ஒரு துளிரின் படம். அம்மா ஓரிடத்தில் மட்டும் வருகிறார், அதுவும் முறைப்பாடாக: "அம்மா யன்னலுக்கு முன்னால் இருக்கிறா. செடியில் நிழல் விழுகிறது."

அன்று நான் அம்மாவுக்குச் சொன்னது நினைவிருக்கிறது. "அங்காலை தள்ளி இருங்கோ அம்மா. வெளிச்சம் அதுக்கு." அம்மா கதிரையைத் தூக்கிச் சுவர் மூலையில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் எழும்பி உள்ளே போனார்.

அதற்கு அடுத்த நாள், பச்சை மையில், வடிவான எழுத்தில் எழுதியிருக்கிறேன்: "இலை பதின்மூன்று. இன்று நிழல் இல்லை. நல்லது."