ஐம்பது வருஷம் கழித்து மதிப்பு வரும் வண்டி

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுக் கிளம்பிய வருஷம்தான் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. ஐம்பத்து நாலு. ஏம்பலத்தில் பிறந்த நான் பாகூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். புகுந்த வீட்டில் மாமனார், என் கணவர், நான், மூன்று பேர்தான். மாமியார் காலமாகி வெகு நாளாகியிருந்தது. பள்ளத்தில் ஏரித் தண்ணீரில் நெல், மேட்டில் கரும்பு.

ஊரைக் காலி செய்துகொண்டு போகிற வெள்ளைக்காரர்கள் சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாமனார் என் கணவரை டவுனுக்கு அனுப்பினார். மேட்டுக் கரும்புக்குத் தண்ணீர் இறைக்க ஒரு ஆயில் என்ஜின் வாங்கி வர வேண்டும். இவர் பண்ணையாளைக் கூட்டிக்கொண்டு மாட்டு வண்டியில் போனார். சாயங்காலம் அந்த மாட்டு வண்டி காலியாகத் திரும்பி வந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால், தெருப் பிள்ளைகளையெல்லாம் பின்னால் இழுத்துக்கொண்டு, சங்குப்பூ நீலத்தில் ஒரு கார் வந்து எங்கள் வாசலில் நின்றது. அதற்குள் இவர் உட்கார்ந்திருந்தார்.

கார் என்றால் நான் அதுவரை பார்த்த மாதிரி இல்லை. கூரை துணியால் ஆனது, மடக்கிப் பின்னால் போடலாம். சீட்டு இரண்டே இரண்டு. தரையோடு தரையாகக் கிடந்தது. முன்விளக்குகள் இரண்டும் முட்டைக் கண்ணாகப் பிதுங்கியிருந்ததால், பிள்ளைகள் அன்றைக்கே அதற்குத் தவளை வண்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மாமனார் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"என்ஜினு வாங்கியாடான்னா, என்ஜினுக்கு ரெண்டு சீட்டு வெச்சு வாங்கியாந்திருக்கியேடா."

"ஸ்போர்ட்ஸ் காருப்பா. செஞ்சு மூணு வருஷந்தான் ஆவுது. கப்பல்ல எடுத்துகினு போவ முடியலன்னு முசே அழுதுட்டாரு. இன்னும் அம்பது வருஷம் கழிச்சி இதுக்கு இருக்கப் போற மதிப்பே வேறன்னு சொன்னாரு."

"விக்கறவன் வேற எப்படிடா சொல்லுவான்?"

 ஆனால் முசே என்கிற அந்த வெள்ளைக்காரத் துரை சொன்னதை இவர் முழுமனதாக நம்பினார். டவுனில் படித்தவர், பிரெஞ்சு நன்றாகத் தெரியும். வண்டியோடு வந்த பிரெஞ்சுப் புத்தகத்தை மற்றவர்கள் புராணம் படிப்பதுபோல் படிப்பார். கரும்பு வண்டிகள் நிற்கிற கொட்டகையில் ஒரு மூலையை ஒழித்து அதை நிறுத்தினார். மூடி வைக்க என் பழைய புடவைகள் ஆறையும் சேர்த்துத் தைக்கச் சொன்னார். நல்ல துணியில் மூடினால் பெயிண்டில் கீறல் விழாதாம். தைத்துக் கொடுத்தேன். கட்டம் போட்ட புடவையும் பூப்போட்ட புடவையுமாக, கொட்டகைக்குள் யாரோ பெரிய உடம்புக்காரி படுத்துத் தூங்குவதுபோல் இருக்கும்.

ஓட்டினால் தேய்ந்துவிடும் என்று இவர் ஓட்டுவதே இல்லை. மாமனாருக்கு அது தினமும் வாய்க்கு அவல். சாப்பிட உட்கார்ந்ததும் ஆரம்பிப்பார்.

"பழைய அரிசிக்கு வெல கூட. ஒத்துக்கறேன். பழைய புளிக்கும் வெல கூட. பழைய கத்திரிக்காய்க்கு எவன்டா குடுப்பான்? உன் காரு அரிசியா, கத்திரிக்காயா? அத மொதல்ல சொல்லு."

"அரிசிதாம்பா."

"யாரு சொன்னது?"

"முசே."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ரசம் ஊற்றுவேன். எனக்கு அரிசியா கத்திரிக்காயா என்பதில் அக்கறை இல்லை. அதில் ஏறி ஒரு தடவை ஏம்பலம் போய் வர வேண்டும், என் அம்மா வீட்டுத் தெருவே பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு வழிவிட்டவர் வில்லியனூர் மெக்கானிக் மேஸ்திரி. ஒரு வருஷம் ஓடாமல் நின்றதில் வண்டி கிளம்ப மறுத்துவிட்டது. இவர் போய் மேஸ்திரியை அழைத்து வந்தார். அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துணியால் கையைத் துடைத்தார்.

"இன்னாங்க, ஓடுற வண்டி தேயும். நிக்கிற வண்டி செத்துப்பூடும். ரப்பரெல்லாம் காஞ்சு கெடக்குது பாருங்க. வாரத்துக்கு ஒரு வாட்டியாச்சும் பத்து மைலு ஓட்டுங்க."

மறு வாரமே இவர் என்னை ஏற்றிக்கொண்டு கடலூர் வரைக்கும் போனார். பிரெஞ்சு வண்டியானதால் ஸ்டீயரிங் இடது பக்கம். வலது பக்கத்தில் நான் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மற்ற வண்டிகளில் டிரைவர் இருக்கிற இடம் அது. எதிரே வந்தவர்களெல்லாம் என்னையே பார்த்தார்கள். கன்னியக்கோயில் பக்கத்தில் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்த கூட்டம் எழுந்தே நின்றுவிட்டது. நான் வேறு, வெயிலுக்குக் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டிருந்தேன்.

கடலூரில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, நேராக என் பக்கம் வந்தார்.

"லைசென்ஸ் இருக்குதாம்மா?"

"எங்கிட்ட ஸ்டீயரிங்கே இல்லீங்க," என்றேன்.

அவர் குனிந்து உள்ளே பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார். தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "போங்க, போங்க," என்று அனுப்பிவிட்டார்.

வழி நெடுக எனக்குச் சிரிப்பு. வீடு வந்து சேர்ந்ததும் இவரிடம் சொன்னேன்: "இன்னாங்க, ஊரே நான்தான் ஓட்டறேன்னு நெனச்சிடுச்சு. இனிமே ஓட்டக் கத்துக்கறதுதான் பாக்கி."

இவர் முதலில் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் கூட்டுறவு சங்க வேலையாக இவர் தினமும் டவுனுக்குப் பஸ்ஸில் போக ஆரம்பித்தபோது, வண்டியை வாரா வாரம் ஓட்ட ஆள் இல்லாமல் போயிற்று. வண்டி செத்துப்போய்விடும் என்ற பயம், பெண்டாட்டி ஓட்டுவாளா என்ற கூச்சத்தை ஜெயித்தது. அறுப்பு முடிந்த களத்தில் கற்றுக் கொடுத்தார். முதல் நாள் ஒரு வைக்கோல் போரில் கொண்டுபோய் விட்டேன். வைக்கோலுக்கும் காருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து சீட்டிலிருந்து இறங்கிய இவர்தான் களத்திலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மாதத்தில் கை வந்துவிட்டது. லைசென்ஸும் எடுத்தேன். வெள்ளிக்கிழமை தோறும் ஏரிக்கரை வழியாகப் போய், மெயின் ரோட்டைத் தொட்டுத் திரும்பி வருவேன். "தேய்க்காம ஓட்டு," என்று இவர் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறுவார். தேய்க்காமல் எப்படி ஓட்டுவது என்று நானும் கேட்டதில்லை.

மூர்த்திக்குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு ஒரு மீன்கார அக்கா வருவார். கூடையைத் தலையில் வைத்து, வெயிலில் அவ்வளவு தூரமும் நடைதான். ஒரு வெள்ளிக்கிழமை ரோட்டோரம் அவர் கூடையை இறக்கி வைத்துக் காலை நீவிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். முள் குத்தியிருந்தது.

"ஏறுக்கா."

"ஐய, நானா? மீன் கூடையோடவா? ஐயா பாத்தா உன்ன இன்னா சொல்லுவாரோம்மா."

"அவரு டவுன்ல இருக்காரு. ஏறு நீ."

அக்கா ஏறி, கூடையை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டார். கூடை நிறையக் கவலை மீன். வழியில் ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தது. மீனில் பாதி சீட்டுக்குக் கீழே போய்விட்டது. பொறுக்கிப் பொறுக்கி எடுத்தோம், எடுக்க எடுக்கச் சிரித்தோம். அக்கா, "இன்னாம்மா, கடல்ல புடிச்சத காருல வேற புடிக்கணுமா?" என்றார். இரண்டு மீன் எங்கேயோ உள்ளே போய் மாட்டிக்கொண்டது எங்களுக்குத் தெரியாது. மூன்றாம் நாள் இவருக்குத் தெரிந்தது.

கோபம் வந்தது.  மேஸ்திரி வந்து சீட்டையே கழற்றித்தான் மீனை எடுக்க முடிந்தது. உள்ளே இருந்த பஞ்சு கெட்டுவிட்டது என்று அதை எடுத்துவிட்டுத் தேங்காய் நார் வைத்துத் தைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக மாறத் தொடங்கியது. கூரைத் துணி கிழிந்தபோது, கரும்பு லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவர் புதிதாகத் தைத்தார். ஹாரன் ஊமையானபோது, பழைய பஸ்ஸிலிருந்து ஒரு ரப்பர் ஹாரன் வந்தது. அதை அமுக்கினால் எருமைகள் நின்று திரும்பிப் பார்க்கும்.

அறுபத்தொன்றில் மதராஸிலிருந்து ஒருவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை. பழைய கார்களை வாங்கிச் சேர்ப்பதுதான் அவருடைய ஆசை என்றார். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்திருக்கிறார். என் கணவருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஏழு வருஷமாகச் சொல்லிவந்தது வாசலுக்கே வந்துவிட்டதே! மாமனாரை நாற்காலி போட்டுக் கொட்டகையிலேயே உட்கார வைத்தார், எல்லாவற்றையும் காதால் கேட்கட்டும் என்று.

வந்தவர் வண்டியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். படுத்து அடியில்கூடப் பார்த்தார். எழுந்து வேட்டி கட்டியவர்போல் பேண்ட்டை உதறிக்கொண்டார்.

"இப்போ இதுக்கு ஒரு பொல்லாத வயசு சார். புதுசும் இல்ல, பழசும் இல்ல. இன்னும் பத்துப் பதினஞ்சு வருஷம் இத எல்லாரும் ஓட்ட வண்டின்னுதான் சொல்வாங்க. அந்தப் பதினஞ்சு வருஷத்துலதான் முக்கால்வாசி வண்டிய ஒடச்சிப் போட்டுடுவாங்க. அதத் தாண்டி நிக்கிற வண்டிக்குத்தான் மதிப்பு."

"நான் சொன்னேன் இல்லப்பா!" என்றார் இவர்.

"அவரு இன்னும் முடிக்கல," என்றார் மாமனார்.

"எல்லா வண்டிக்கும் அந்த மதிப்பு வராது," என்று தொடர்ந்தார் வந்தவர். "வேகமா போற வண்டி எத்தனையோ வருது, எத்தனையோ போவுது. புதுசுலயே ஜனங்க வாங்க முடியாம ஏங்கிப் பாத்த வண்டியா இருக்கணும். செஞ்சவன் செஞ்ச மாதிரியே இருக்கணும். இதுல கூரை மாறியிருக்கு, ஹாரன் மாறியிருக்கு..." சீட்டின்மேல் குனிந்தவர் மூக்கைச் சுருக்கினார். "இது என்ன வாசனை?"

"கவலைங்க," என்றேன் நான்.

"அதுக்கெல்லாம் கவலப்படாதீங்கம்மா, சரி பண்ணிடலாம்," என்றார் அவர்.

மாமனார் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடிற்று. மீனைப் பற்றிச் சொன்னதும் வந்தவரும் சிரித்துவிட்டார். என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப இதுக்கு மதிப்பு வருமா, வராதா சார்?" என்று கேட்டார்.

"வரலாம். ஓடறதப் பாத்துட்டுச் சொல்றேன். யாராவது ஓட்டட்டும், நீங்க என்கூட வெளியே நில்லுங்க. எங்க என்ன மாத்தினீங்கன்னு கேக்கணும்."

இவர் என்னைப் பார்த்தார். நான் முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறினேன். மதராஸ்காரர் புருவத்தைத் தூக்கினார். அவர்கள் ஏரிக்கரை முனையில் போய் நின்றார்கள். ஏரி நிறைந்திருந்த சமயம். கரைமேல் மதகு வரைக்கும் நேராக விட்டேன். கொக்குகள் வரிசையாக எழும்பின. மதகில் திருப்பிக்கொண்டு அவர்களைத் தாண்டி வந்து நிறுத்தினேன்.

மதராஸ்காரர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். என் கணவர் வாயைத் திறந்தபடி நின்றிருந்தார். ஏதோ சத்தம் கேட்கிறதோ, எதையாவது உடைத்துவிட்டேனோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

"இன்னாங்க?"

"இன்னொரு வாட்டி போயிட்டு வா," என்றார்.

போய்விட்டு வந்தேன்.

"இன்னொரு வாட்டி."

மூன்றாவது தடவை வந்து நின்றபோதுதான் சொன்னார்: "இது ஓடறத நான் பாத்ததே இல்ல."

உண்மைதான். ஓடும்போது உள்ளே இருந்திருக்கிறார். நிற்கும்போது வெளியே இருந்திருக்கிறார். நான் ஓட்டிய நாட்களில் டவுனில் இருந்திருக்கிறார். ஏழு வருஷத்தில், அந்த நீலம் தண்ணீரோரம் போகிற அழகை அவர் ஒருமுறைகூடக் கண்ணால் கண்டதில்லை.

வந்தவர் தீர்மானமாகவே பேசினார். "எனக்குக் குடுத்துடுங்க. இல்லேன்னா இன்னையோட ஓட்டறத விட்டுடுங்க. நாலு கட்டையில தூக்கி நிறுத்தி, பழைய சாமானெல்லாம் தேடிப் போட்டு, முப்பது வருஷம் தொடாம வெச்சிருங்க. கட்டாயம் மதிப்பு வரும். இப்படியே ஓட்டிக்கிட்டிருந்தா தேஞ்சு போய்டும்."

"ரெண்டும் முடியாதுங்க சார்," என்றார் என் கணவர். "தேயட்டும்."

இவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும் என்று நான் நினைக்கவே இல்லை. மாமனாரும் நினைக்கவில்லை. வந்தவருக்கு வருத்தமில்லை, எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

மறுநாள் காலையில் இவர் டவுனுக்குப் போகவில்லை. நான் ஓட்ட, இவர் வலது பக்கம் உட்கார்ந்துகொண்டு ஏம்பலம் போனோம். என் அம்மா வாசலுக்கு ஓடி வந்து, "மாப்பிள்ளைக்கு உடம்பு கிடம்பு சரியில்லயாடி, நீ ஓட்டிகினு வர்ற?" என்று பதறினாள். அதற்குப் பிறகு நாங்கள் போகாத இடமில்லை. ஒரு தடவை பண்டசோழநல்லூரில் ஒரு கல்யாணத்துக்கு, மாமனாரை ஏற்றிக்கொண்டு நானே போனேன். ஹாரனைத் தான்தான் அமுக்குவேன் என்றார். ஊர் எல்லையிலிருந்து பந்தல் வரைக்கும் அமுக்கிக்கொண்டே வந்தார்.

அடுத்த வருஷம் எனக்குப் பிரசவமாயிற்று. எட்டு வருஷம் பிள்ளை இல்லாதிருந்த வீட்டில் இரட்டைப் பெண்கள். ஒரு குழந்தையாக இருந்தால் மடியில் வைத்துக்கொண்டு சமாளித்திருப்போம். இரண்டு சீட்டில் நாங்கள் நாலு பேர் எப்படிப் போவது? உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தோம். முடியவில்லை. கடைசியில் வண்டியை விற்றுவிட்டோம்.

அந்த மாதிரி வண்டிகளுக்கு இப்போது மதிப்பு வந்துவிட்டது என்று கேள்விப்படுகிறேன். எங்களுடையது எங்கே இருக்கிறது, இருக்கிறதா என்பதே தெரியாது. வாங்கியவர் கடலூரில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். முதலில் தனியாகத்தான் வந்து பார்த்துவிட்டுப் போனார். எடுத்துக்கொண்டு போக வந்த அன்றைக்கு மனைவியையும் அழைத்து வந்திருந்தார். கல்யாணமாகி இரண்டு மாதம் என்றார்கள். அந்தப் பெண் தயங்கித் தயங்கி வண்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஸ்டீயரிங் இருக்கிற இடது பக்கக் கதவைத் திறந்து, "நல்லா உக்காரும்மா," என்றேன்.