மஞ்சள் கோட்டுப் பக்கத்துக் கை

குமுதினி லண்டனில் பத்து வருடத்துக்கு மேல் கார் ஓட்டியவள். டெக்ஸாஸுக்கு வந்ததும் அந்த அனுபவமே அவளுக்கு எதிரியாகிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் பிறந்து, லண்டனில் குடியுரிமை வாங்கி, மகள் ரூபிகாவையும் அங்கேயே பெற்ற குடும்பம் அது. 1997 தொடக்கத்தில் அவள் கணவர் கஜமுகனுக்கு, ஹூஸ்டனுக்குத் தெற்கே இறால் படகுகள் கட்டிக் கிடக்கும் ஒரு கடலோர ஊரில் டாக்டர் வேலை கிடைத்தது. மற்ற டாக்டர்கள் போக மறுத்த ஊர். பஸ் இல்லை, நடைபாதைகூட இல்லை. மகளோடு அவள் நடந்து போனால் பிக்கப் டிரக்காரர்கள் வண்டியை நிறுத்தி ஏறச் சொல்வார்கள். லண்டன் பழக்கத்தில் இவள் பயந்து ஓட்டமும் நடையுமாகப் போவாள். பாவம், அவர்கள் உண்மையிலேயே உதவத்தான் நின்றார்கள்.

பன்னிரண்டு மைல் தள்ளி ஒரு பள்ளியில் உதவி ஆசிரியை வேலை தருவதாகச் சொன்னார்கள். அதற்கு லைசென்ஸ் வேண்டும். முதல் டெஸ்ட்டில் ஆளில்லாத ரோட்டில் திரும்பியவள், லண்டன் பழக்கத்தில் இடது பக்கம் ஏறிவிட்டாள்; அமெரிக்காவில் வலது பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஃபெயில். அதன் பிறகு சாவியைத் தொடவே பயம். லண்டனில் அவள் வேலை பார்த்த பள்ளி கொடுத்திருந்த விடுப்பு அடுத்த ஜனவரியில் முடிகிறது. அதற்குள் லைசென்ஸ் வராவிட்டால் மகளோடு திரும்பிப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

இதையெல்லாம் அவள் என்னிடம் சொன்னது தீபாவளி அமாவாசையன்று, ஹூஸ்டன் மீனாட்சி கோயிலில். நான் வள்ளி, கோயம்புத்தூர்க்காரி. கோயிலில் சாப்பாடு பரிமாறுவேன். அவள் கணவரோடும் மகளோடும் கேதாரகௌரி விரதத்தை முடிக்க வந்திருந்தாள். புருஷனும் மனைவியும் பிரியாமல் இருக்கப் பிடிக்கிற விரதம் அது! எனக்குப் பொறுக்கவில்லை.

"சேர்ந்திருக்கோணும்னு விரதம், பிரிஞ்சு போக டிக்கெட். நல்லா இருக்குதுங்க உங்க நியாயம்!" என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. "போக விருப்பமில்லை அக்கா. ஆனா வீட்டுக்குள்ளயே இருந்து பைத்தியம் பிடிக்குது."

சொல்லியிருக்க வேண்டாம் என்று ஆகிவிட்டது எனக்கு. இன்னும் ஒரு கரண்டி பாயசம் ஊற்றினேன்.

விரதம் முடித்தவர்களுக்குக் காப்பு நூல் கட்டுவார்கள். பெண்ணுக்கு இடக்கை, ஆணுக்கு வலக்கை. புருஷன், மனைவி இரண்டு பேருமே கட்டிக்கொண்டார்கள். வழியனுப்பப் போனபோது கார் பார்க்கில் குமுதினி தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கார் ஓடேக்க நடு ரோட்டு மஞ்சள் கோடு எப்பவும் இந்த நூல் கட்டின பக்கம் இருக்கவேணும். அப்பிடி நினைச்சா மறக்காது, என்ன?"

"அட, நல்ல ஐடியா!" என்று சொல்லிக்கொண்டே கஜமுகன் காரை எடுத்தார். மாதக்கணக்கில் ஒழுங்காக ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன். கோயில் வாசலில் தன் கை நூலை ஒரு பார்வை பார்த்தார், திரும்பினார், எதிரே வந்த வேனுக்கு முன்னால் போய் நின்றார்.

"டாடி, ராங் சைட்!" என்று ரூபிகா பின் சீட்டிலிருந்து அலறினாள். வேன்காரர் சடன் பிரேக் போட்டதால் தப்பித்தார்கள். கஜமுகன் ரிவர்ஸில் வாசலுக்கே திரும்பி வந்தார். நான் வாயில் கை வைத்தபடி ஓடினேன்.

"உங்கட நூல் வலக்கையில எல்லோ! இறங்குங்கோ நீங்கள்!" என்று கத்தினாள் குமுதினி.

அவர் இறங்கிப் பக்கத்து சீட்டுக்குப் போனார்; லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருந்தால் பழகுகிறவர்கள் ஓட்டலாம். அவள் ஏறி உட்கார்ந்தாள். வந்த கோபத்தில் பயம் போன இடம் தெரியவில்லை. சரியான பக்கம் திரும்பி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டி, வீடு போய்ச் சேர்ந்துவிட்டு எனக்கு போன் செய்தாள். இரண்டாவது டெஸ்ட்டில் பாஸ். லண்டன் பள்ளிக்கு வரமாட்டேன் என்று சொன்ன அன்றும் கூப்பிட்டாள்.

"அக்கா, போனை வச்சதும் இவர் என்ன சொல்றார் தெரியுமோ? நானும் பிள்ளையும் போயிருந்தா தானும் வேலையை விட்டிட்டுப் பின்னாலயே வந்திருப்பாராம்! இவ்வளவு நாளும் மனுசன் வாயே திறக்கேல்ல!"

"நல்லாத் திட்டினீங்களா?"

"திட்டத்தான் போனனான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "அவர் சொல்லாததும் நல்லதுதான் அக்கா. சொல்லியிருந்தா அப்பவே மூண்டு பேரும் லண்டனுக்கு வெளிக்கிட்டிருப்பம்."